தப்பு டீச்சரின் முதல் பாடம்

அந்தத் தொழிற்பயிற்சி மையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களுக்கும், மாடியில் மொபைல் ரிப்பேர் கற்கிறவர்களுக்கும், வாசல் காவலாளிக்கும்கூட அவர் ‘தப்பு டீச்சர்’தான். முதல்முறை கேட்பவர்கள் என்னவோ ஏதோ என்று முகம் சுளிப்பார்கள். டீச்சருக்கோ அந்தப் பெயரில் உள்ளூரக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதிய வகுப்பு என்றாலே பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஒருநாள் டீச்சரும் அவர்களோடு சேர்ந்து அரைத் தூக்கத்தில், பலகையில் சட்டைக் கையைத் தலைகீழாக வரைந்துவிட்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் பயந்து பயந்து, “டீச்சர், இந்தச் சட்டையைப் போட்டா கையைத் தூக்கிக்கிட்டேதான் நடக்கணும்” என்றாள். வகுப்பே சிரித்து விழித்துக்கொண்டது. அன்றைய பாடத்தை அதில் ஒருத்தியும் மறக்கவில்லை. சும்மா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்தவர்கள், தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது டீச்சருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளிலிருந்து தினம் ஒரு தப்பை வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தார். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பேசிக்கொண்டே தப்பாக வரைவார், தப்பாக மடிப்பார், பிறகு பெரிய கத்திரியை எடுத்துத் துணிக்கு மேலே பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார். கத்திரி அந்தரத்தில் திறந்து திறந்து மூடும். எவராவது “நிறுத்துங்க டீச்சர்” என்று கத்தும்வரை அப்படியேதான். கத்தியவருக்கு அன்று துணியை வெட்டும் மரியாதை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஆட்கள் முதல் நாளே காதைக் கடித்து வைத்திருப்பார்கள்: இந்த டீச்சரை நம்பாதே, கத்திரியைப் பார். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் மையத்துக்கு இணையவழிப் படிப்பு ஆசை வந்தது. மேலாளர் அம்மா கூட்டம் போட்டு விஷயத்தைச் சொன்னார். தையல் கூடத்தை மொபைல் ரிப்பேர் வகுப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. தையல் இனிமேல் திரையில்தான், மொத்தம் ஆறு பாடம். டீச்சர் முதல் பாடத்தைத் தயார் செய்து வெளியிடட்டும், அது ஒழுங்காக நடந்தால் மீதி ஐந்தும் அவருக்கு, இல்லையென்றால் வெளியாள் ஒருவரைப் பார்த்துக்கொள்வோம். மேலாளர் கெட்டவர் இல்லை. வழவழா கொழகொழா என்று பேசத் தெரியாதவர், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய வயதில் வேறு வேலைக்கு எங்கே போய் நிற்பது என்ற பயத்தில் அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளையாக, இந்தப் பாடங்களையெல்லாம் வடிவமைக்க மையம் வேலைக்கு வைத்திருந்தது வேறு யாரையுமில்லை, டீச்சரின் நாத்தனாரைத்தான். நல்லவேளை என்று டீச்சரின் கணவர்தான் சொன்னார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற மனிதர். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் காலம் தள்ளியதில் அவருக்குக் கழுத்தே நேராக நின்றுபோயிருந்தது. டீச்சர் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

நாத்தனார் கெட்டிக்காரி. எதற்கும் ஓர் அளவு வைத்திருப்பாள். ஒரு பாடம் என்றால் முதலில் நோக்கம், பிறகு வீடியோ, பிறகு நாலு கேள்வி, கடைசியில் சுருக்கம். வீடியோ ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். நீட்டி முழக்கினால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். டீச்சர், எனக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாமல் பேச வராதே என்றபோது, கேமராவையே முகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். டீச்சர் நினைத்துப் பார்த்தார். ஒரு கண், மூக்கில்லை, வாயில்லை, தலையாட்டுவதுமில்லை. இப்படி ஒரு மாணவியை அவர் எங்கேயும் பார்த்ததில்லை.

படப்பிடிப்பு நாத்தனார் வீட்டுப் பின்னறையில் நடந்தது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இஸ்திரி மேஜையை நடுவில் இழுத்துப் போட்டார்கள். பாடம், நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு சாதாரணச் சட்டை: அளவு எடுத்து, துணியில் வரைந்து, வெட்டுவது வரைக்கும். வெட்டிய துண்டுகளை நூலோட்டி இணைத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது கற்பவர்களுக்கான வேலை. டீச்சர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். வாய் தானாக ஓடியது. கையும் தானாக ஓடியது. அங்கேதான் வந்தது வினை.

சட்டையை வரைந்தால், அந்தக் கோட்டுக்கு வெளியே தையலுக்கென்று முக்கால் அங்குலம் துணி விட்டுத்தான் வெட்ட வேண்டும். விடாமல் கோட்டின் மேலேயே வெட்டினால், தைத்து முடிக்கும்போது சட்டை எல்லாப் பக்கமும் சுருங்கிப்போகும். முதல் வகுப்புக்கு டீச்சர் எப்போதும் வைத்திருக்கும் தப்பு அதுதான். பழக்க தோஷத்தில் கத்திரி நேராகக் கோட்டின் மேலே போய் நின்றது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார். கத்திரி திறந்து மூடியது. அறையில் ஒரு சத்தமில்லை.

நாத்தனாருக்குத் தையலில் பட்டன் தைப்பதற்கு மேல் தெரியாது. அண்ணிக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாவம், தைரியப்படுத்துவோம் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து, மேலே போங்கள் மேலே போங்கள் என விரலைச் சுழற்றினாள். டீச்சருக்கு வியர்த்தது. எதற்காக நிற்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. விரல் சுழன்றது, கத்திரி ஓடியது. கடைசியில், முன்கூட்டியே வீட்டில் தைத்துக் கொண்டுவந்திருந்த அழகான சட்டையை எடுத்துக் காட்டிப் புன்னகைத்தார். நடுவில் சும்மா நின்ற அந்த நேரத்தை நாத்தனார் பிறகு அழகாக வெட்டி ஒட்டிவிட்டாள். ஒட்டிய இடமே தெரியவில்லை.

டீச்சர் அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லை. தன் குரலைத் தானே கேட்டால் யாரோ பாத்திரம் தேய்ப்பது போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார்.

பாடம் வெளியாகிச் சில நாளில் போட்டோக்கள் வரத் தொடங்கின. முதல் சட்டையை ஒரு குழந்தை போட்டிருந்தது, போட்டிருந்தது என்று சொல்வதைவிட மாட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அளவு ஒழுங்காக எடுக்கவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் உச்சுக்கொட்டினார். அடுத்ததில் தொப்புள் தெரிந்தது. அதற்கடுத்ததில் கை நுழையவே இல்லை, பிள்ளை ஒரு கையை வெளியே தொங்கவிட்டு அழுதுகொண்டிருந்தது. பிறகு, பஸ் டிரைவர் ஒருவர் அனுப்பிய போட்டோ. அவர் தைத்த சட்டையைக் கரடி பொம்மை ஒன்று போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தது. கீழே அவர் மரியாதையாக எழுதியிருந்தார்: பொண்ணுக்குத் தைத்தேன், பொம்மைக்குச் சரியாக இருக்கிறது, நன்றி.

டீச்சருக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது. பாத்திரம் தேய்க்கிற குரலைப் பொறுத்துக்கொண்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கத்திரி கோட்டின் மேலே அட்டகாசமாக ஓடியதைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வகுப்பு முழுக்கத் துணியைப் பாழாக்க வைத்தாயிற்று. வெட்கத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். புகார்கள் அவரிடமும் போயிருந்தன. டீச்சர் எதையும் மறைக்காமல், இது தன் வகுப்பு வழக்கம் என்றும், கேமரா முன்னால் கோட்டைவிட்டுவிட்டதாகவும் சொன்னார். மேலாளர் முழுவதும் கேட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டாம் தடவை சறுக்க இங்கே இடமில்லை என்றார். திரும்ப எடுங்கள், அதிலும் ஒரு தப்பு என்று புகார் வந்தால் மீதிப் பாடங்கள் வெளியாளுக்குத்தான். நாத்தனார் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அண்ணியைச் சிபாரிசு செய்தவள் அவள்தான்.

வெளியே வந்ததும் நாத்தனார் மடமடவென்று திட்டம் போட்டாள். பழைய வீடியோவைத் தூக்கிவிடலாம், துளித் தப்பில்லாமல் புதிதாக எடுத்துவிடலாம், ஒரு நாள் வேலை. டீச்சரும் சரியென்றுதான் தலையாட்டினார். ஆனால் அதற்கு முன்னால் துணியைப் பறிகொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெரும்பாலும் பெருந்தன்மையாகவே பேசினார்கள். ஒருத்தி மட்டும், அது தன் கல்யாணத்தின்போது எடுத்த துணி என்று ஒரு மூச்சு அழுதாள். கடைசியாக டிரைவர்.

டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் டிபன் பாக்ஸை மூடிவைத்தார்.

“எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்” என்றார். “பொண்ணோட பழைய சட்டையை மேல வெச்சுப் பார்த்தேன். இப்படி வெட்டினா பத்தாதேன்னு தோணுச்சு.”

“தெரிஞ்சும் ஏன் வெட்டினீங்க? எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே.”

“பஸ் ஓட்டுறப்போ, இந்த வழியில ஏன் போறீங்கன்னு யாராவது கேட்டா எனக்கே சுருக்குன்னு கோவம் வரும். ஓட்டுறவருக்குத் தெரியாதா நமக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு வெட்டிட்டேன்.”

டீச்சர் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். அதுவரைக்கும் அவர் தன் தப்பு கத்திரியில் இருந்ததாக நினைத்திருந்தார். அப்படியில்லை. வகுப்பில் அத்தனை பேரும் கத்தினார்கள் என்றால், கத்தலாம் என்று அவர்களுக்கு யாரோ காதில் சொல்லியிருந்தார்கள். இந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? கண் பார்த்தது, மனது சொன்னது, வாய்க்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. தப்பில்லாத வீடியோ எடுத்துக் கொடுத்தாலும் இவர் இப்படியே தலையாட்டிக்கொண்டு வெட்டுவார், நாளைக்கு வேறு யாரோ தப்பாகச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே வெட்டுவார். அதற்குப் பெயர் தையல் கற்றுக்கொள்வதா?

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனார். “தப்பு இருக்கட்டும். அதை நீக்க வேணாம்” என்றார்.

நாத்தனார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “தப்பாலதான் அண்ணி வேலையே போகப் பார்க்குது. மறுபடியும் தப்பையே போடணும்கிறீங்களா?”

அன்று இரண்டு பேருக்கும் நடந்தது சண்டையா ஆலோசனையா என்று பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கே புரியவில்லை. நோக்கம், வீடியோ, கேள்வி, சுருக்கம் என்று நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். கேள்வியைக் கடைசியில் வைத்தால் வெட்டின துணி ஒட்டுமா என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வியை ஒப்புக்கொள்கிற குணம் அவளிடம் இருந்தது. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, கத்திரி துணிக்கு மேலே வரும் இடத்தில் வீடியோவைத் தானாக நிற்க வைக்க முடியும் என்றாள். பார்ப்பவர் எதையாவது எழுதினால்தான் மேலே ஓடி, சரியாக வெட்டுவதைக் காட்டும். முதலில் துணியை எடுக்கவே வேண்டாம், செய்தித்தாளில் வெட்டட்டும், தப்பினாலும் காகிதம்தானே போகும் என்பதும் அவள் யோசனைதான். டீச்சருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாத்தனாரைக் கட்டிக்கொண்டு பழக்கமில்லாததால் இன்னொரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தார்.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியதை டீச்சரே எழுதினார். வணக்கம், நான் தப்புச் செய்வேன். சில சமயம் வேண்டுமென்றே செய்வேன். கண்ணில் பட்டால் சும்மா இருக்காதீர்கள், சொல்லிவிடுங்கள், எனக்குக் கோபம் வராது. இவ்வளவுதான். நோக்கம் என்ற தலைப்பின் கீழ் நாத்தனார் அதை அப்படியே போட்டாள். பின்னறையில் பாடத்தை மறுபடியும் முழுதாக எடுத்தார்கள்.

வெளியிடுவதற்கு முன் யாரையாவது உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கிடைத்தவர் டீச்சரின் கணவர். கத்திரி வரும் இடத்தில் வீடியோ நின்றது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடியும் காத்திருந்தார். கடைசியில், இன்டர்நெட் போய்விட்டது என்று எழுதினார். கல்யாணமான நாள் முதல் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவரிடம் போய்ப் பரீட்சை வைத்தது நம் தப்பு என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசிக் கேட்டது அவருக்கு அதுவே முதல்முறை. அப்புறம் நாத்தனார், நின்ற இடத்தில் ‘டீச்சர் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

புதிய பாடம் வெளியானது. பதில்கள் வந்தன. தையலுக்கு விடலையே, நிறுத்துங்க, ஐயோ கோட்டுக்கு வெளியே. சிலர் இல்லாத தப்பையெல்லாம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் டீச்சரின் மூக்குக் கண்ணாடி கோணலாக இருக்கிறது என்றார். டீச்சர் ஒவ்வொன்றையும் வாசித்துச் சிரித்தார். பின்வரிசை, முன்வரிசை எல்லாம் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது.

டிரைவரின் பதில் கடைசியாகத்தான் வந்தது. தையல் தப்பைச் சரியாகச் சொல்லியிருந்தார். அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தார். கழுத்து இறக்கம் இரண்டரை அங்குலம் என்று வாயால் சொல்லிவிட்டு, டேப்பில் மூன்றில் புள்ளி வைத்தீர்களே, அதையும் பிடித்துவிட்டேன் டீச்சர், இரண்டாவது தப்பு வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். வாய் இரண்டரை என்றது. கை மூன்றில் புள்ளி வைத்தது. அப்படி ஒரு தப்பை அவர் வைக்கவே இல்லை.

நாத்தனாருக்கு முகம் வெளிறிவிட்டது. அந்தப் பதிலை மேலாளர் கண்ணில் படாமல் எடுத்துவிடட்டுமா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேலாளர் கையில் திறந்த கணினியோடு வந்தார். எல்லாப் பதில்களையும் அவர் வரிசையாக வாசித்திருந்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். பிறகு டிரைவரின் பதிலில் விரலை வைத்தார்.

“இந்தக் கழுத்து விஷயம், இதுவும் நீங்க வேணும்னே வெச்சதுதானே?”

“ஆமா மேடம்” என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், ஐந்து பாடமும் கையில். டீச்சருக்கு அது நன்றாகத் தெரிந்தது. தொண்டை வரைக்கும் ‘ஆமாம்’ வந்தும் விட்டது.

“இல்ல மேடம். இது நெஜமாவே என் தப்பு” என்றார். “போன தடவை இவரு பார்த்துட்டும் வாயைத் திறக்கல. இப்பதான் திறந்திருக்காரு. நான் வேணும்னே வெச்சேன்னு சொன்னா, இவரு கண்டுபிடிச்சது இல்லாம போயிடும்.”

மேலாளர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தரையைப் பார்த்தாள். மேலாளர் கணினியை மூடிவிட்டு, அந்தப் புள்ளியைத் திருத்தி நாளைக்குள் போட்டுவிடச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பி, இரண்டாம் பாடத்துக்குப் பின்னறை வேண்டாம், கீழே கூட்ட அறையை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார். அவர் போன பிறகுதான் நாத்தனார் மூச்சு விட்டாள்.

டீச்சர் டிரைவருக்குப் பதில் எழுதினார். நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது நான் வைத்த தப்பு இல்லை, எனக்கே தெரியாமல் செய்த தப்பு. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் ஒரு குழந்தையின் குரல் ஓயாமல் கேட்டது.

“டீச்சர், தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க. நீங்க எழுதினதை என் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன். டீச்சர் எப்படிப்பா தப்புப் பண்ணுவாங்க, நீ பொய் சொல்றேங்குறா. ஒரு வார்த்தை அவகிட்ட சொல்றீங்களா?”

போன் கைமாறியது. ஒரு சின்ன மூச்சு மட்டும் கேட்டது.

“கண்ணு” என்றார் டீச்சர், “உங்கப்பா சொன்னதுதான் சரி. டீச்சர்தான் தப்பு.”

மறுபக்கம் போன் தொப்பென்று விழுந்தது. வீடு முழுக்கக் கேட்கும்படி, “அப்பா, நெஜமாப்பா, நீதான் சரியாம்ப்பா” என்று அந்தக் குழந்தை கத்திக்கொண்டே ஓடுவதை, போனை எடுக்க யாரும் வராததால், டீச்சர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.